கிளம்பாத கணினியும் 'அதுவே இது' என்னும் அறிவும்

கணினி கிளம்ப மறுத்தால், எல்லாவற்றையும் அழித்துவிட்டு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதே வழக்கமான தீர்வு. அவ்வாறு நிறுவும்போது வட்டில் வந்து அமர்வன முன்பிருந்த அதே நிரல்களே எனினும், உடையவர் தம் கணினி போய்விட்டது என்றே உணர்கிறார்; பழுதான இடத்தை மட்டும் மாற்றினாலோ, பழைய கணினியே மீண்டது என்கிறார். 'அதுவே இது' என்னும் இவ்வறிவைத் தருக்க நூலார் பிரத்தியபிஞ்ஞை என்பர். அது எதைப் பற்றுக்கோடாகக் கொண்டு எழுகிறது என்பதே இங்குள்ள கேள்வி.

பயாஸ் எனும் பழைய தொடக்க முறையில் கிளம்பும் கணினியில் வட்டின் முதற்கூறு 512 பைட்டுகள் கொண்டது. அவற்றுள் முதல் 446 பைட்டுகள் தொடக்க நிரலுக்கும், அடுத்த 64 வட்டின் பாகப்பிரிவினைப் பட்டியலுக்கும், எஞ்சிய இரண்டு அடையாளக் குறிக்கும் உரியவை. வேறோர் இயங்குதளம் அந்த 446 பைட்டுகளின்மேல் எழுதிவிட்டால், வட்டிலுள்ள லினக்ஸ் இயங்குதளம் முழுவதும் குறைவின்றிக் கிடந்தும் எழுவதில்லை. ஆடையிலிருந்து ஓர் இழையை உருவினாலும் பழைய ஆடை அழிந்து வேறோர் ஆடை பிறக்கிறது என்ற நியாய வைசேடிகரின் கணக்கில், அந்தப் பைட்டுகளை மட்டும் திருத்துவதும் முழு மறுநிறுவலும் அழிவு என்ற அளவில் ஒன்றே. கொள்கை உறுதியானதுதான், ஆனால் உடையவரின் துயரத்துக்கு அதில் இடமில்லை.

கணந்தோறும் அழிந்து பிறக்கும் தொடர்ச்சியையே ஒருமை என்று கருதும் பௌத்தருக்கு, அணைந்து கிடக்கும் கணினி ஓர் இடர்ப்பாடு. உள்ளத்தின் செயல் அனைத்தும் ஓய்ந்த நிரோத சமாபத்தியிலிருந்து அதே மனிதர் எழுவது எங்ஙனம் என்ற வினாவை எதிர்கொண்ட யோகாசாரர், செயல்களின் பதிவாகிய வாசனைகள் தங்கும் கிடங்காக ஆலய விஞ்ஞானத்தைக் கொண்டனர். வட்டும் அத்தகையதே: நிரல்கள் யாவர்க்கும் பொது, பாதியில் நின்ற கடிதமும், பழகிய எழுத்துருவும், பிழையாகவே சேமித்து வைத்த பெயர்களும் ஒருவர்க்கே உரிய வாசனைகள்.

பழுது நீக்கும் முறை இதனினும் விந்தையானது. பென் டிரைவிலுள்ள லினக்ஸைக் கொண்டு கணினியை எழுப்பி, நோயுற்ற வட்டை இணைத்து, அதனையே வேர் அடைவாகக் கொள்ளச் செய்யும் கட்டளை சிஎச்-ரூட்; அதன்பின் கிரப் எனும் தொடக்க நிரலைப் பதிக்கும் கட்டளை பழைய வீட்டுக்குள்ளிருந்தே இயங்குகிறது. உடல் பழைய வட்டு. உயிர்ப்போ பென் டிரைவிலிருந்து வந்த கெர்னல், அதாவது வன்பொருளையும் நிரல்களையும் இணைத்து நடத்தும் கரு. பெரியபுராணத்தில் யோகியார் ஒருவர், இறந்து கிடந்த இடையன் மூலனின் உடலிற் புகுந்தபோது அவன் மேய்த்த பசுக்கள் மகிழ்ந்தன; தீண்டவிடாத அவரிடம் மூலனின் மனைவியே வேற்றுமை கண்டாள். இங்கும் பெரும்பாலான கட்டளைகள் பசுக்களைப் போல் ஐயமின்றிப் பணிகின்றன. கெர்னலின் பதிப்பெண்ணைக் கேட்கும் கட்டளை மட்டும் வேற்றாளைக் காட்டிக்கொடுக்கும்.

மூலனின் உயிர் மீளவில்லை. யோகியார் அவ்வுடலிலேயே தங்கித் திருமூலரானார். கணினியிலோ பென் டிரைவைக் கழற்றி மறுபடி கிளப்பியதும் விருந்தாளி நீங்க, வட்டிலேயே உறங்கிக் கிடந்த பழைய கெர்னல் எழுகிறது. கடிதம் விட்ட வரியிலேயே நிற்கிறது.