தேய்வும் நோயும்

வயதால் வரும் உடல்மாற்றத்தை நோய் எனக் கொள்ளலாமா என்பது மருத்துவ மெய்யியலில் நெடுங்காலமாகத் தீராத வழக்கு. முதுகெலும்பின் இடைத்தட்டுகள் தேய்வது அவ்வழக்கைக் கூர்மையாக எழுப்புகிறது. அடுத்தடுத்த முள்ளெலும்புகளுக்கு நடுவே அமைந்து, பேச்சுவழக்கில் ‘டிஸ்க்’ என்றும் ‘ஜவ்வு’ என்றும் குறிக்கப்படும் இத்தட்டுகள் மனிதருக்கு 23 உள்ளன. ஒவ்வொன்றின் மையத்திலும் நீர் மிகுந்த கூழ் போன்ற கருவும், அதைச் சுற்றி நார்வளையமும் இருக்கின்றன. வளர்ந்தவரின் தட்டுக்குள் இரத்தக்குழாய்கள் ஏறத்தாழ இல்லையாதலால், அதன் செல்கள் பெரும்பாலும் மேலும் கீழுமுள்ள எலும்புகளிலிருந்து மெல்லிய குருத்தெலும்பு வழியே ஊடுருவி வரும் ஊட்டத்தைக் கொண்டே உயிர்வாழ்கின்றன. வயது ஏற ஏற, நீரைப் பிடித்துவைக்கும் புரோட்டியோகிளைக்கன் என்ற மூலக்கூறுகள் குறைய, கரு வறண்டு, தட்டின் உயரம் தாழ்ந்து, வளையத்தில் வெடிப்புகள் தோன்றுகின்றன.

இம்மாற்றம் உள்ளவர்களுக்கெல்லாம் வலி இருப்பதில்லை. முதுகுவலி இல்லாத 3,110 பேரின் முதுகெலும்பு ஸ்கேன் படங்களை ஆராய்ந்த 33 ஆய்வுகளை 2015இல் பிரிஞ்சிக்ஜி குழுவினர் தொகுத்தபோது, 20 வயதினரில் 37 விழுக்காட்டினரிடமும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினரிடமும் தேய்வு இருப்பதாக மதிப்பிட்டனர். அமெரிக்க மெய்யியலாளர் கிறிஸ்டோபர் பூர்ஸ் 1977இல் முன்வைத்த கொள்கைப்படி, ஓர் உயிரினத்தில் ஒரே பாலையும் வயதுத் தொகுதியையும் சேர்ந்தோருக்கு இயல்பான செயல்திறன் எதுவோ அதிலிருந்து குறைவதே நோய். அவ்வளவுகோலின்படி எண்பது வயதுக்காரரின் தேய்ந்த தட்டு நோயாகாது. இத்தீர்ப்பு ஆறுதலானது, ஆனால் போதாதது. எல்லோருக்கும் வருவது என்பதாலேயே ஒன்று துன்பம் தராததாகிவிடாது, எண்பது வயதில் நடக்க முடியாமல் தவிப்பவரிடம் சராசரியை எடுத்துக்காட்டுவது விடையுமாகாது.

பிரெஞ்சு மருத்துவரும் மெய்யியலாளருமான ஜார்ஜ் கங்கிலெம் 1943இல் எழுதிய ஆய்வேட்டில் சராசரியை அளவுகோலாகக் கொள்ளவே மறுத்தார். மாறிய சூழலுக்கு ஏற்பத் தனக்கெனப் புதிய வாழ்முறையை வகுத்துக்கொள்ளும் ஆற்றலே நலம் என்றும், அந்த ஆற்றல் சுருங்குவதே நோய் என்றும் அவர் கொண்டார். அவ்வாறு நோக்கின், கேள்வி தட்டின் உயரத்தைப் பற்றியதாக இராமல், அதைத் தாங்கி வாழ்பவரைப் பற்றியதாகிறது.

தேய்வுக்கு யார் பொறுப்பு என்ற வினாவும் இதோடு பின்னியிருக்கிறது. சரியாக உட்காராததாலும் கண்டபடி குனிந்து நிமிர்ந்ததாலும் வந்த வினை என்று வலியுற்றோர் தம்மையே நொந்துகொள்வது வழக்கம். ஃபின்லாந்து இரட்டையர்களிடம் நடத்தப்பட்ட நீண்டகால ஆய்வுகளோ, சுமை தூக்குதலின் பங்கு சிறிது என்றும், மரபின் பங்கே பெரிது என்றும் காட்டின. பௌத்த நூலான சம்யுத்த நிகாயத்தில் வரும் சல்ல சுத்தம் என்ற போதனை, உடல்வலியை முதல் அம்பாகவும் அதைக் குறித்துப் புலம்பும் மனவலியை இரண்டாம் அம்பாகவும் உருவகித்து, பக்குவப்பட்டவருக்கு இரண்டாவது தைப்பதில்லை என்கிறது. தன்னைக் குற்றஞ்சாட்டுவதும் அவ்விரண்டாம் அம்பின் ஒரு வகையே. எனினும் முதல் அம்பு பக்குவப்பட்டவரையும் தைக்கிறது என்பதை அச்சுத்தம் மறைக்கவில்லை. வலியெல்லாம் மனத்தின் மாயை என்று நோயாளியைத் தட்டிக்கழிப்போர் அப்பகுதியைப் படிக்காதவர்கள் போலும்.

சிகிச்சை நெறியும் கங்கிலெமின் சிந்தனைக்கு நெருக்கமாகவே நிற்கிறது. தேய்ந்த தட்டைப் பழையபடி ஆக்கும் நிலைநாட்டப்பட்ட மருந்து இன்றில்லை; ஆகவே நீண்ட படுக்கை ஓய்வைத் தவிர்த்து நடமாடுவதும், முதுகு, வயிற்றுத் தசைகளை வலுவாக்கும் பயிற்சியும், புகைப்பழக்கத்தைக் கைவிடுதலும், தேவைப்படும்போது குறுகிய கால வலிநிவாரணியும் முதலில் பரிந்துரைக்கப்படுகின்றன. சிறுநீர், மலக்கட்டுப்பாடு இழப்பு, தொடைகளின் நடுப்பகுதி மரத்துப்போதல், கால் வலுவிழந்துகொண்டே போதல் ஆகியவை தோன்றினால், மெய்யியலுக்கு அங்கே இடமில்லை. உடனே மருத்துவமனையை நாட வேண்டும்.

மற்றபடி, ஒரே அளவு தேய்ந்த தட்டோடு மேசையில் எழுதி வாழ்பவர் நாற்காலியையும் நேரத்தையும் மாற்றிப் புதிய முறையை வகுத்துக்கொள்ளலாம். மூட்டை சுமந்து அன்றாடக் கூலி பெறுபவருக்கு அந்த உரிமை பெரும்பாலும் இல்லை. கங்கிலெமின் அளவுகோலின்படி பின்னவரே நோயாளி. அவரது நோயின் ஒரு பகுதி அவருடைய முதுகெலும்புக்கு வெளியே, கூலிமுறையில் இருக்கிறது.