ஆசன தானம்



மும்மணிகளைச் சரணடைந்து, பஞ்சசீலம் ஏற்று அமர்ந்திருக்கும் இப்பௌர்ணமி நாளில், வீட்டு மூலைகளில் வேண்டாமெனக் கிடக்கும் கட்டில், மேசை, நாற்காலிகளைப் பற்றிப் பேசப் புகுகின்றோம். தம்மம் கேட்க வந்த இடத்தில் தட்டுமுட்டுச் சாமான்களின் பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். பகவன் புத்தர் பிக்குகளுக்கு வகுத்த தேவைகள் நான்கு: சீவரம், பிண்டபாதம், சேனாசனம், நோய்க்கு மருந்து. இவற்றுள் சேனாசனம் என்பதில் உறையுளோடு படுக்கையும் இருக்கையும் அடங்கும். ஆகவே இது தம்மத்திற்குப் புறம்பான பேச்சன்று.

விநயத்தில் ஒரு செய்தி உண்டு. பகவன் சாவத்தியில் தங்கியிருந்த காலத்தில், பனிப்பருவத்திலே, பிக்குகள் சங்கத்துக்குரிய படுக்கை இருக்கைகளை வெளியில் இட்டு வெயில் காய்ந்தனர். வேளை வந்ததும் அவற்றை அப்படியே விட்டுச் சென்றனர். மழை பெய்து அவை நனைந்தன. இதனை அறிந்த பகவன் அதனைக் கண்டித்து ஒரு விதி வகுத்தருளினார். இட்டதைத் தானே எடுத்து வைக்க வேண்டும். அன்றேல் பிறரைக்கொண்டு எடுத்து வைக்க வேண்டும். அதுவும் இயலாதெனில் ஒருவரிடம் ஒப்புவித்துப் போக வேண்டும். இம்மூன்றும் செய்யாது போவது பாசித்தியக் குற்றமாகும்.

இன்னொரு செய்தியும் கேளுங்கள். தமிழ்க் காப்பியங்கள் உதயணன் எனப் போற்றும் கோசம்பி வேந்தனின் தேவியர், ஆனந்தருக்கு ஐந்நூறு ஆடைகளைத் தானம் செய்தனர். இத்தனை ஆடைகளை ஒரு துறவி என்ன செய்வார் என்று மன்னன் ஐயுற்று வினவினான். ஆடை நைந்த பிக்குகளுக்குப் பகிர்ந்தளிப்போம் என்றார் ஆனந்தர். நைந்த பழைய ஆடைகள் என்னவாகும் என்று மன்னன் மேலும் கேட்டான். அவை மேல்விரிப்பாகும், பழைய மேல்விரிப்பு மெத்தையுறையாகும், பழைய மெத்தையுறை தரைவிரிப்பாகும், பின் கால் துடைக்கும் துணியாகும், பின் தூசி தட்டும் துணியாகும், இறுதியில் நறுக்கி மண்ணோடு பிசைந்து தரை மெழுகப் பயன்படும் என்று ஆனந்தர் விடையிறுத்தார். மன்னன் மகிழ்ந்து மேலும் ஐந்நூறு ஆடைகளை அளித்தான். எதனையும் வீணாக்காதவரிடம் கொடுத்தது வீண்போகாது என்பதை அவன் உணர்ந்தான்.

இனி நம் கதைக்கு வருவோம். கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டபின், நம்மவர் பலர் பிழைப்புக்காகப் பெங்களூருக்கு ரெயிலேறுகின்றனர். சிலர் அங்கேயே குடியேறுகின்றனர். சென்ற மழைக்காலத்தில் ஒரு குடும்பத்தார் மகனோடு வாழப் புறப்பட்டனர். தேக்குக் கட்டிலொன்று, எழுதும் மேசையொன்று, நாற்காலிகள் இரண்டு: யாவும் நல்ல நிலையில் இருந்தன. யாரேனும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வாசலில் இட்டுச் சென்றனர். நாம் அவ்வழியே பலமுறை போனோம், கண்டோம், நாளை பார்க்கலாம் என்றோம். பத்து நாள் மழையில் மேசைப்பலகை பிளந்தது. கட்டில் சட்டம் உப்பிப் போயிற்று. அதே லைனில் நான்காவது வீட்டில் ஒரு சிறுமி தரையில் குப்புறப் படுத்துப் பாடம் எழுதிவந்தாள் என்பதைப் பின்னரே அறிந்தோம். கொடுப்பவர் இருந்தனர், கொள்பவரும் இருந்தனர், இடையே நின்று சேர்ப்பிக்க ஒருவருமில்லை. அக்குற்றம் நம்முடையதே.

ஆனால், சேர்ப்பித்துவிட்டால் மட்டும் போதுமா? அங்குத்தர நிகாயத்திலே பகவன் நல்லோரல்லாதார் கொடுக்கும் கொடையின் இயல்புகள் ஐந்தினை எடுத்துரைக்கின்றார். மதிப்பின்றிக் கொடுத்தல், அக்கறையின்றிக் கொடுத்தல், தன் கையால் கொடாமை, எறியத்தக்கதைக் கொடுத்தல், வினைப்பயனை எண்ணாது கொடுத்தல் என்பன அவை. நல்லோர் கொடை இவ்வைந்துக்கும் மறுதலையானது.

இதன் பொருள் மற்றெவரையும்விட நமக்கு நன்கு விளங்கும். எறியத்தக்கதைப் பெற்ற குலம் நம் குலம். நம் பாட்டன் பூட்டன்மார் கொல்லைப்புறத்தில் நின்று பழையதும் கந்தலும் வாங்கினர். கொடுத்தவர் கை படாமல் அவை மேலிருந்து விழுந்தன. இருக்கை என்பதோ நமக்கு வெறும் மரமன்று. பாபாசாகேப் அம்பேத்கர் சிறுவராய்ப் பள்ளியில் பயின்றபோது, மற்றப் பிள்ளைகளோடு அமர இடமின்றி ஒரு மூலையில் தனியே கோணித்துணி விரித்து அமர்ந்தார். பள்ளியைத் துப்புரவு செய்யும் வேலையாளும் அக்கோணியைத் தீண்டமாட்டான். அதனை மாலையில் வீட்டுக்கு எடுத்துச் சென்று மறுநாள் கொண்டுவர வேண்டியிருந்தது. அவரே 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் தம்மத்தை ஏற்று, இலட்சக்கணக்கானோர்க்கும் வழிகாட்டினார். அவ்வழி வந்த நாம், ஏதோ சற்றுக் கைநிமிர்ந்தவுடன், காலொடிந்த நாற்காலியை ஏழை வீட்டு வாசலில் தள்ளிவிட்டுப் புண்ணியம் என்று எண்ணுவோமாயின், பண்டு நமக்கு இழைக்கப்பட்டதை நாமே பிறர்க்கு இழைப்பவராவோம்.

ஆதலின் ஆசன தானத்துக்கு ஒரு முறை வேண்டும். முதலாவது, ஒடிந்ததைத் தச்சரிடம் கொடுத்துச் செப்பனிடுக, செப்பனிட இயலாததை விறகாக்குக, தானமென்று கூறாதீர். இரண்டாவது, கறையான், மூட்டைப்பூச்சி உண்டா என்று பார்த்து, வெயிலில் இட்டுத் துடைத்துச் சுத்தம் செய்க. மூன்றாவது, அவர்க்கு அது வேண்டுமா, அவர் வீட்டில் அதற்கு இடமுண்டா என்று முதலில் கேளுங்கள். வேண்டாமென்று சொல்ல அவர்க்கும் உரிமையுண்டு. நான்காவது, நீங்களே உடன்சென்று, உங்கள் கையால் அவர் வீட்டில் இறக்கி வையுங்கள். அவர் உட்காரச் சொன்னால் உட்காருங்கள், நீரளித்தால் பருகுங்கள். ஐந்தாவது, பிற்பாடு அதைக் கண்டு, ‘இது எங்கள் வீட்டுக் கட்டில்’ என்று ஒருநாளும் வாய் திறவாதீர். கொடுத்தபின் அது அவருடையது.

பயன்படுத்தாமலே பூட்டி வைப்பாரும் உளர். தந்தையார் அமர்ந்த நாற்காலி என்று பரணில் ஏற்றிக் கறையானுக்கு இரையாக்குவர். தந்தையாரே நிலையாதபோது நாற்காலி நிலைக்குமோ? அதில் ஒரு குழந்தை அமர்ந்து படிக்குமாயின், அப்புண்ணியத்தைத் தந்தையார் பெயரால் நினைந்து மகிழலாமே!

பெறுவோர்க்கும் ஒரு சொல். அன்போடு தருவதை வாங்குவதில் இழிவில்லை. பகவனும் பாத்திரம் ஏந்தினார்.

ஆகவே நம் சங்கத்தில் இன்றுமுதல் ஒரு குறிப்பேடு வைக்கின்றோம். கொடுக்க உள்ளதை ஒரு பக்கத்திலும், வேண்டுவதை மறுபக்கத்திலும் எழுதுங்கள். இடையே நின்று சேர்ப்பிக்கும் பணி எம்முடையது. முதல் வரியில் அச்சிறுமிக்கு ஒரு மேசை வேண்டும் என்று எழுதியிருக்கின்றோம். அடுத்த பௌர்ணமிக்குள் அவ்வரி அடிக்கப்பட வேண்டும்.

சாது! சாது! சாது!