மூன்றாவது பூச்சு



விடுமுறையில் நம் மறைக்கல்விப் பிள்ளைகள் லெகோ துண்டுகளால் கட்டிய எழும்பூர் ரயில் நிலையம் மண்டபத்தில் இருக்கிறது. பார்க்காதவர்கள் பூசை முடிந்து போய்ப் பாருங்கள். சின்னப் பிள்ளைகளின் கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். உண்மையான நிலையம் 1908இல் திறந்த கட்டடம். ஹென்றி இர்வின் வடிவமைத்தது, சாமிநாத பிள்ளை கட்டியது. தெற்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்த நம்மில் பலர் சென்னையில் முதலில் கால் வைத்த இடம்.

குவிமாடங்கள்தான் பிள்ளைகளைப் படாத பாடு படுத்தியிருக்கின்றன. சதுரத் துண்டுகளில் உருண்டை எப்படி வரும்? ஒவ்வொரு வரிசையையும் கொஞ்சம் உள்ளே தள்ளி, சிலவற்றைப் பக்கவாட்டில் திருப்பிச் செருகி, எப்படியோ வளைத்துவிட்டார்கள். என்னைக் கவர்ந்தது வேறு. கூரையைக் கழற்றிக் காட்டினார்கள். வெளியே சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் சுவரின் உட்பக்கம் பச்சை, மஞ்சள், நீலம் என்று மிச்சம் மீதித் துண்டுகள். கண்ணில் படாத இடமென்று நிறம் பார்க்கவில்லை. ஆனால் அடுக்குவதில் அசட்டை இல்லை. கீழ்வரிசை இணைப்புக்கு நேர் மேலே அடுத்த இணைப்பு வராதபடி, கொத்தனார் செங்கல் வைப்பதுபோல மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள். நேர்நேராக அடுக்கியிருந்தால் லேசாக இடித்தாலே சுவர் பிளந்துவிடும்.

உயிருள்ள கற்களாக நாம் ஓர் இல்லமாகக் கட்டப்படுகிறோம் என்கிறார் பேதுரு, இன்றைய இரண்டாம் வாசகத்தில். மூலைக்கல்லைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறோம். உட்சுவர்க் கற்களைப் பற்றிப் பேசுவது முதல் வாசகம். எருசலேம் சபையில், கிரேக்க மொழி பேசியவர்களின் கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் விடுபட்டுப் போனார்கள். திருச்சபை தொடங்கிய சூட்டிலேயே சுவரில் விரிசல்! திருத்தூதர்கள் அதைச் சாப்பாட்டுத் தகராறு என்று ஒதுக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொல்லி, அவர்கள்மேல் கைகளை வைத்து வேண்டி, பந்திப் பொறுப்பைக் கொடுத்தார்கள். பிற்பாடு கல்லெறிபட்டு உயிர்விட்ட ஸ்தேவான் அந்த ஏழு பேரில் ஒருவர்.

கண்ணில் படாத வேலையைப் பற்றி லெகோவிலும் ஒரு கதை உண்டு. அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர் டென்மார்க்கின் பில்லுண்ட் ஊர்த் தச்சர், ஓலே கிர்க் கிறிஸ்தியான்சன். பக்தியுள்ள லூத்தரன் சபைக்காரர். முதலில் அவர் செய்தவை மரப் பொம்மைகள். ஒரு நாள் மகன் கோட்ஃபிரெட், மர வாத்துகளுக்கு மூன்று தடவை அடிக்க வேண்டிய வார்னிஷை இரண்டோடு நிறுத்தி, பெட்டியை ரயிலில் அனுப்ப ஸ்டேஷனில் சேர்த்துவிட்டு வந்தார். காசு மிச்சம் என்று அப்பாவிடம் பெருமை வேறு. அப்பா அந்தக் கையோடு அவரைத் திருப்பி அனுப்பினார்: பெட்டியை வாங்கி வா, மூன்றாவது பூச்சை அடி, விடிய விடிய ஆனாலும் நீ ஒருவனே செய்து முடி. வாத்தை இழுத்து விளையாடும் குழந்தைக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அந்த மகனின் பொறுப்பில்தான் 1958 ஜனவரியில், ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் பிளாஸ்டிக் துண்டுக்குக் காப்புரிமை கோரினார்கள். அந்த ஆண்டுத் துண்டு இன்றைய துண்டோடும் பொருந்தும்.

எல்லார் கண்ணிலும் படும் வேலையான தேர் தூக்க, நம் பங்கில் ஆள் தேட வேண்டியதில்லை. தோள் கொடுக்கப் போட்டியே நடக்கும். அதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் படுத்த படுக்கையாய் இருக்கும் முதியோருக்கு முதல் வெள்ளியன்று நற்கருணை கொண்டுபோகும்போது என்னோடு வருவது பெரும்பாலும் கோவில்பிள்ளை ஒருவர்தான். எந்த அன்பியத்தில் யார் படுக்கையில் இருக்கிறார்கள் என்பதை எழுதி, பங்கு இல்லத்து வாசலில் ஒட்டியிருக்கிறேன். ஒரு பெயரைத் தேர்ந்துகொள்ளுங்கள். இந்த வாரமே போங்கள், முடிந்தால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. போனதும் எழுந்து வந்துவிடாதீர்கள். அவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கும்.