முப்புரி



நாகல் நகரில் தறிச் சத்தத்தோடு வளர்ந்தவன் நான். ஊரின் இன்னொரு பக்கம் தோல் பதனிடும் ஷாப்புகள். பச்சைத் தோல் இரண்டு நாளில் அழுகிவிடும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தண்ணீரில் கிடந்து வந்தால் பல வருஷம் உழைக்கும். அந்த வேலை செய்தவர்களுக்கு இது கைப்பழக்கம். அது ஏன் அப்படி என்பதை நான் உயிரியல் படிக்கப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

தோலுக்கு வலுவைத் தருவது கொலாஜன் என்ற புரதம். நம் உடம்பிலுள்ள புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதுதான். எலும்பிலும் தசைநாணிலும் கண்ணின் கருவிழிப் படலத்திலும் அது இருக்கிறது. பட்டையின் துவர்ப்பு அந்த இழைகளைப் பற்றிக்கொள்வதால் தோல் அழுகுவதில்லை.

அந்த இழையின் வடிவத்தைத் தேடியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரன். அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கங்காரு வாலின் தசைநாணை வாங்கி, எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துப் பார்த்தார். கோபிநாத் கர்த்தாவும் அவரும் 1954இல், மூன்று புரதச் சங்கிலிகள் சேர்ந்தது கொலாஜன் என்று எழுதினார்கள். மறு வருஷமே தங்கள் முடிவைத் தாங்களே திருத்தினார்கள்: மூன்றும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு நிற்கின்றன என்று.

தேங்காய் நார்க் கயிற்றைப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு புரியும் ஒரு பக்கம் முறுக்கியிருக்கும். புரிகள் சேரும்போது எதிர்ப்பக்கம் முறுக்கியிருக்கும். அதனால்தான் கயிறு தானாக அவிழ்வதில்லை. கொலாஜனும் அச்சாக அப்படித்தான். மூன்று புரியும் நெருங்கும் நடுவில் இடம் மிகக் குறைவு. அங்கே கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் மட்டுமே அடங்கும். அந்த இடத்தில் ஒரே ஒரு கிளைசின் மாறிப்போனாலும் போதும், தொட்டால் எலும்பு முறிகிற பிள்ளை பிறக்கலாம். ஒரு குழந்தையின் வாழ்வு இவ்வளவு சின்ன இடத்தில் நிற்கிறது என்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் தாழ்ந்துவிடும்.

ராமச்சந்திரனின் மாதிரிக்கு எதிர்ப்பு வந்தது. டி.என்.ஏ.யின் வடிவம் கண்ட கிரிக்கும், அவரோடு அலெக்சாண்டர் ரிச்சும், இதில் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்றார்கள். எதிர்த்தவர்கள் பெரிய பெயர் பெற்றவர்கள். சென்னையில் இருந்தவர் அதற்காக ஒதுங்கிவிடவில்லை, வீம்பும் பிடிக்கவில்லை. "அப்படியானால் அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்?" என்பதையே அடுத்த கேள்வியாக எடுத்துக்கொண்டார். படிகங்களில் அளந்து அதுவரை வெளியான அணு இடைவெளிகளையெல்லாம் தேடிச் சேர்த்தார். சசிசேகரன், சி. ராமகிருஷ்ணன் இருவரோடும் சேர்ந்து 1963இல் ஒரு வரைபடம் வெளியிட்டார். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் திரும்ப முடியும், எதில் முடியாது என்று அது காட்டும்.

இன்றும் எந்த நாட்டு ஆய்வுக்கூடத்தில் ஒரு புதுப் புரதத்தின் வடிவம் கிடைத்தாலும், சரிதானா என்று ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.