பொருந்துவதும் உண்மையும்

1934ல் வந்த 'தி தின் மேன்' படம் உல்லாசமான துப்பறியும் படம் என்று பெயர் பெற்றது. நிக், நோரா என்ற தம்பதி, கையில் மதுக்கோப்பை, காலடியில் ஆஸ்டா என்ற நாய். வில்லியம் பவலும் மிர்னா லாயும் பேசிக்கொள்வதைக் கேட்கையில், கல்யாணத்துக்குப் பிறகும் இருவர் ஒருவருக்கொருவர் சுவாரஸ்யமாக இருக்க முடியும் என்று நம்பத் தோன்றுகிறது. திரைக்கதை எழுதிய ஃபிரான்சிஸ் குட்ரிச்சும் ஆல்பர்ட் ஹேக்கட்டும் கூடக் கணவன் மனைவிதான்.

என்னை உறுத்துவது கடைசி விருந்து. சந்தேகத்துக்குரியவர்களையெல்லாம் நிக் சாப்பாட்டு மேஜைக்கு வரவழைக்கிறான். பரிமாறுகிறவர்கள் வேஷமிட்ட போலீஸ்காரர்கள். மூன்று கொலைகளின் கதையைக் கோத்துக்கொண்டே போகிறவனிடம், இது உண்மைதானா என்று நோரா கேட்கிறாள். தெரியாது என்கிறான். பின் ஏன் சொல்ல வேண்டும் என்பதற்கு, இப்படிச் சொன்னால்தான் எல்லாம் பொருந்துகிறது என்பது பதில். சிரிக்கிறோம். குற்றவாளியும் பதறித் தன்னைக் காட்டிக்கொண்டுவிடுகிறான்.

அவன் பதறாதிருந்தால்? குற்றமற்ற ஒருவன் பயத்தில் பதறியிருந்தால்? படத்துக்கு இந்தக் கேள்வி இல்லை. பொருத்தம் என்பது கதையின் குணம். உலகம் அதற்குக் கட்டுப்பட்டதல்ல. ஒரு மனிதனை நோக்கி விரல் நீட்ட, கதை அழகாக முடிகிறது என்பது போதுமா?

மூல நாவலை எழுதிய டாஷியல் ஹாமெட் பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஊகத்தின் விலை அவருக்குத் தெரியும். நாவலின் முடிவில் நிக் தரும் விளக்கம் நோராவுக்குத் திருப்தி தருவதில்லை. அந்த அதிருப்தியோடுதான் புத்தகம் முடிகிறது. படமோ ரயில் பெட்டியில், மேல் படுக்கையில் நாய் கண்ணைப் பொத்திக்கொள்வதில் முடிகிறது. கேள்வி கேட்டவளைச் சமாதானப்படுத்தித் தூங்கவைத்துவிட்டார்கள்.

1951ல் ஹாமெட் நியூயார்க் நீதிமன்றம் ஒன்றில் நிறுத்தப்பட்டார். கம்யூனிஸ்டுகளுக்கு ஜாமீன் கொடுத்த நிதிக்கு அவர் அறங்காவலர். பணம் கொடுத்தவர்கள் யார் என்று கேட்டார்கள். அவர் சொல்லவில்லை. ஆறு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. நிக் உண்மை தெரியாமலே பெயர் சொல்லிக் கைதட்டல் வாங்கினான்; அவனைப் படைத்தவர் வாய்திறக்க மறுத்துச் சிறைக்குப் போனார். இரண்டும் ஒன்றல்லதான். கொலைகாரன் வேறு, நிதி கொடுத்தவன் வேறு. ஆனால் ஒரு பெயரை உச்சரிப்பதும் ஒரு செயல், அதற்கும் பொறுப்பு உண்டு என்பது இரண்டுக்கும் பொது. மேஜையருகே அதை உணர்ந்தவள் நோரா மட்டுமே. அவள் கேள்வியை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.