தடை தாண்டியவரும் தடை வைத்தவரும்

துன்பம் மனிதனைப் புடம்போடுகிறது என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் கருத்து. பாடசாலைப் பரிசளிப்பு விழாவிலும் கோயிற் பிரசங்கத்திலும் அதனைக் கேட்டிருக்கிறோம். வறுமையிற் பிறந்தும் நோயில் வாடியும் முயற்சியால் உயர்ந்தோரின் வரலாறுகள் அதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. அவ்வரலாறுகளை மாணவர்க்கு எடுத்துரைக்கும் ஆசிரியர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளவேண்டிய வினா ஒன்று உண்டு. ஒருவர் துன்பத்தை வென்றுவிட்டார் என்பதனால் அத்துன்பம் நியாயமானதாகிவிடுமா?

இவ்வினாவை ஆராய்வதற்கு வில்மா றுடோல்ஃபின் வாழ்க்கை பெரிதும் துணைசெய்யும். அவர் 1940 ஆம் ஆண்டு அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திற் கறுப்பினத் தொழிலாளர் குடும்பம் ஒன்றிற் பிறந்தார். தந்தை புகையிரத நிலையச் சுமைதூக்கி. தாய் வீட்டு வேலை செய்து பிழைத்தவர். தந்தையின் இரு மணங்களிலும் பிறந்த 22 பிள்ளைகளுள் வில்மா 20 ஆவது பிள்ளை. குறைமாதத்திற் பிறந்த அக்குழந்தையின் நிறை ஏறக்குறைய இரண்டு கிலோகிராம். சில ஆண்டுகளில் இளம்பிள்ளைவாதம் அவருடைய இடது காலின் வலுவைப் பறித்தது.

அக்காலத்தில் அம்மாநிலத்தில் நிறவேற்றுமை சட்டமாகவே இருந்தது. அவர்கள் வாழ்ந்த கிளாக்ஸ்வில் நகரிற் கறுப்பருக்குக் கிடைத்த வைத்திய வசதி மிகக் குறைவு. ஆகவே தாய் வாரந்தோறும் மகளை பஸ்ஸில் ஏற்றி, ஏறக்குறைய 50 மைல் தொலைவிலிருந்த நாஷ்வில் நகரின் மெஹாரி மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துச் சென்றார். கறுப்பின மக்களுக்கென நிறுவப்பட்ட கல்லூரி அது. அந்த பஸ்ஸிலும் பின்புற ஆசனங்களே அவர்களுக்கு உரியவை. வீட்டில் தாயும் மூத்த சகோதரரும் நாள்தோறும் நான்கு முறை அக்காலை நீவிவிட்டனர். பன்னிரண்டாம் வயதளவில் வில்மா எத்துணையுமின்றி நடந்தார். 1956 இல், பதினாறு வயதில், மெல்பேர்ண் ஒலிம்பிக் அஞ்சலோட்டத்தில் வெண்கலப் பதக்கம் பெற்றார். 1960 இல் றோமில் 100 மீற்றர், 200 மீற்றர், அஞ்சலோட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார்.

மேடைப் பேச்சுக்கள் பெரும்பாலும் இவ்விடத்தில் முடிந்துவிடும். குடும்ப அன்பும் இறைநம்பிக்கையும் விளையாட்டும் ஒருவரை உயர்த்தின என்று கூறிக் கைதட்டுப் பெறலாம். கூறியது பொய்யன்று, ஆயினும் அது பாதி உண்மையே.

குடும்ப அன்பை எடுத்துக்கொள்வோம். இங்கு அன்பு என்பது வெறும் உணர்ச்சியன்று. உழைத்துக் களைத்த கைகள் மீண்டும் செய்த உழைப்பு அது. அவ்வுழைப்பை வணங்குவோம். ஆனால் அருகிலேயே ஒரு வைத்தியசாலை அவர்களுக்குத் திறந்திருக்குமாயின், அந்தத் தாய் வாரந்தோறும் நூறு மைல் போய்வர வேண்டியிருந்திராது. சமூகம் செய்யாது விட்டதைத் தாய் செய்தாள். தாயைப் புகழ்வோர் சமூகத்தின் கடனை மறந்துவிடலாகாது.

நம்பிக்கையும் அத்தகையதே. சமயத்தைப் பற்றி நம்முட் பலர் கொண்டுள்ள ஐயம் காரணமற்றதன்று. விதியென்று கூறி ஏழையின் வாயை அடைக்க அது பலகாலும் பயன்பட்டிருக்கிறது. ஆயின் கிறிஸ்தவப் பக்தையான அத்தாயின் நம்பிக்கை வேறுவகையானது. மகள் நடப்பாள் என்று அவர் நம்பினார். நம்பியதனால் அடுத்த வாரமும் பஸ் ஏறினார். மனிதனைச் செயலுக்குத் தூண்டும் நம்பிக்கையையும் செயலின்றி இருத்திவிடும் நம்பிக்கையையும் ஒரே பெயரால் அழைத்து, இரண்டையும் ஒருங்கே தள்ளுவது நேர்மையாகாது.

விளையாட்டு நமக்குக் கற்பிப்பது யாது? 200 மீற்றர் ஓட்டத்தின் தொடக்கத்தைக் கவனித்தவர்கள் அறிவர். ஓடுவோர் அனைவரும் ஒரே நேர்கோட்டில் நிற்பதில்லை. வளைவில் வெளிப்பாதை நீளமாதலால், அதில் ஓடுபவர் முன்னே நிறுத்தப்படுகிறார். அதனை எவரும் சலுகையென்று இகழ்வதில்லை; தூரத்தைச் சமப்படுத்தும் நீதி என்றே கொள்கின்றனர். ஓட்டக்களம் அறிந்த இந்த எளிய கணக்கை வாழ்க்கைக் களம் ஏற்க மறுக்கிறது. அங்கே நீண்ட பாதையில் விடப்பட்டவனைப் பின்னே நிறுத்தி, அவன் வென்றால் வியக்கிறோம். தோற்றால் முயற்சியில்லாதவன் என்கிறோம்.

தோற்றவர்களையும் எண்ணிப் பார்க்கவேண்டும். அதே நோயால் முடமாகி, அதே அன்பையும் அதே செபத்தையும் பெற்று, இறுதிவரை நடக்க இயலாது போன குழந்தைகள் எத்தனையோ பேர். அவர்களுடைய தாய்மாரின் அன்பு குறைந்ததா? வெற்றியை மட்டும் சான்றாகக் காட்டும் அறம் இவர்கள் முன் வாயடைத்து நிற்கும். 1955 இல் ஜோனாஸ் சால்க்கின் தடுப்பூசி பயனுடையதென அறிவிக்கப்பட்டது. தடுப்பூசி பெற்ற குழந்தை அந்நோயை எதிர்த்து வீராங்கனையாக வேண்டியதில்லை. இலங்கையில் 1993 இன் பின் இளம்பிள்ளைவாதம் காணப்படவில்லை. அதனைச் செய்தது தனிமனித வீரமன்று. இலவசச் சுகாதார சேவை.

வில்மாவும் இவ்வேறுபாட்டை அறிந்திருந்தார் என்பதற்கு அவர் செயலே சான்று. றோமிலிருந்து திரும்பியவரை வரவேற்க நகரம் விழா எடுத்தபோது, வெள்ளையரும் கறுப்பரும் பிரிந்திருக்கும் விழாவுக்குத் தாம் வரமாட்டேன் என்றார். நகரம் பணிந்தது, நிறப்பிரிவின்றி அந்நகரில் நடைபெற்ற முதற் பெருவிழா அதுவே. 1963 இல் அதே நகரின் உணவகம் ஒன்றில் நிறவேற்றுமையை எதிர்த்து நிகழ்ந்த போராட்டத்திற் கலந்துகொண்டார். நோய் வைத்த தடையைத் தாமும் குடும்பமும் தாண்டினர். மனிதர் வைத்த தடையைத் தாண்டுவது போதாது, அகற்றவேண்டும் என அவர் உணர்ந்திருந்தார்.

ஆகவே இத்தகைய வரலாறுகளை வகுப்பறையிற் சொல்லாது விடவேண்டும் என்பது என் கருத்தன்று. சோர்ந்த பிள்ளைக்கு அவை ஊக்கமாகும். ஆனால் முழுமையாகச் சொல்லுவோம். தங்கப் பதக்கத்தைக் கூறும்போது பஸ்ஸின் பின் ஆசனத்தையும் கூறுவோம். தடையைத் தாண்டியவர் யார் என்று கேட்கும் மாணவன், அதனை வைத்தவர் யார் என்றும் கேட்கப் பழகட்டும். துன்பத்தை வெல்லும் துணிவு பெரிது. பிறர் அத்துன்பத்தை அடையாதிருக்கச் செய்யும் துணிவு அதனினும் பெரிது.