தோட்டாவும் அறமும்
ஆயுதத்துக்கு அறம் கிடையாது, ஏந்தும் கைக்கே உண்டு என்பார்கள். ரஷ்யாவின் ஷாக்-12 துப்பாக்கியைப் பார்த்தால் அது பாதி உண்மையாகவே படுகிறது. 12.7 மி.மீ. விட்டமுள்ள கனத்த தோட்டா. தோட்டாக்கள் அடங்கிய மேகசின் விசைக்குப் பின்னால், தோளில் ஊன்றும் கட்டையில் செருகப்படுவதால், குழலைக் குறைக்காமலே துப்பாக்கி குட்டையாகிறது. குறுகலான அறைக்குள் சட்டென்று திருப்பலாம். ஒலியைவிட மெதுவாகப் போகும் தோட்டாக்களும் இதற்கு உண்டு. தொலைதூரச் சண்டை இதன் வேலையல்ல. எதிரே நிற்பவரை நின்ற இடத்திலேயே வீழ்த்த வேண்டும், அவ்வளவுதான். ஆக, யாரை, எவ்வளவு அருகில், எப்படி என்பதெல்லாம் சிப்பாய் விசையைத் தொடுவதற்கு வெகு முன்பே வடிவமைப்பாளரின் வரைபடத்தில் முடிவாகிவிட்டது.

நல்லவன் கையிலும் கொடியவன் கையிலும் அது ஒரேபோலத்தானே சுடும் என்று கேட்கலாம். சுடும், குறி வைப்பவனின் பொறுப்பு அதனால் குறையாது. ஆனால் 1868-இல் அதே ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், 400 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள வெடிக்கும் தோட்டாக்களை நாடுகள் கைவிட ஒப்புக்கொண்டபோது, எந்த வீரன் ஏந்துகிறான் என்று அவை கேட்கவே இல்லை.